ஏறுகிறதா, இறங்குகிறதா: மதிப்பு அட்டவணை எதற்குச் சாட்சி?

பள்ளிக் கணிதத்தில் வழக்கமாக வரும் கேள்வி இது. மேல் வரிசையில் −2, −1, 0, 1, 2, 3 என்று உள்ளீடுகள். கீழ் வரிசையில் 0, 3, 0, −3, 0, 15 என்று ஒரு சார்பின் மதிப்புகள். சார்பு எந்த இடைவெளிகளில் ஏறுகிறது, எவற்றில் இறங்குகிறது? கவனமாகப் படித்த மாணவர் அரை நிமிடத்தில் எழுதிவிடுவார்: −2 முதல் −1 வரை ஏறுகிறது, −1 முதல் 1 வரை இறங்குகிறது, அதன் பிறகு ஏறுகிறது. முழு மதிப்பெண்ணும் கிடைத்துவிடும். ஆனால் அந்த எண்களைத் தந்த சார்பு, உள்ளீட்டின் கனத்திலிருந்து உள்ளீட்டின் நான்கு மடங்கைக் கழித்து வருவது. அதன் வகைக்கெழு பூஜ்ஜியமாகும் இடங்கள் ஏறத்தாழ −1.155, 1.155. அதாவது சார்பு −1-க்கு வருமுன்பே 3.079 என்ற உச்சத்தைத் தொட்டுவிட்டு இறங்கத் தொடங்கியிருக்கிறது. 1-இல் ஏறத் தொடங்குகிறது என்று மாணவர் எழுதிய இடத்திலோ அது இன்னும் இறங்கிக்கொண்டிருக்கிறது. விடையில் சொன்ன மூன்று இடைவெளிகளில் இரண்டு உண்மையல்ல.

பிழை சிறியது என்று சொல்லி நகர்ந்துவிடலாம். நகரக் கூடாது என்பது என் கட்சி. 'இந்த இடைவெளியில் ஏறுகிறது' என்பதற்குக் கணிதம் தரும் பொருள் கறாரானது: அந்த இடைவெளியில் எந்த இரண்டு புள்ளிகளை எடுத்தாலும் பின்னதன் மதிப்பு முன்னதைவிடக் குறையக் கூடாது. சமமாகவும் இருக்கக் கூடாது என்றால் அது திட்டமாக ஏறும் சார்பு. இடைவெளியில் எண்ணற்ற புள்ளிச் சோடிகள் உண்டு. அட்டவணை அவற்றில் விரல்விட்டு எண்ணக்கூடிய சிலவற்றை மட்டும் நமக்குக் காட்டுகிறது. ஆகவே அட்டவணைக்கு ஒருபக்கச் சாட்சி சொல்லும் ஆற்றல்தான் உண்டு. 'சார்பு முழுக்க ஏறுகிறது' என்ற கூற்றை ஒரே ஒரு இறக்கத்தைக் காட்டி அது மறுத்துவிடும். அதே கூற்றை நிறுவுவதற்கு ஆயிரம் வரிகள் இருந்தாலும் போதாது. வரிகளுக்கு நடுவே என்ன நடக்கிறது என்பதை அட்டவணைக்கு வெளியிலிருந்துதான் கொண்டுவர வேண்டும்.

வெளியிலிருந்து எவ்வளவு கொண்டுவருகிறோமோ அவ்வளவுதான் விடையின் பலம். எதுவும் தெரியாவிட்டால் வரிகளுக்கிடையில் ஒன்றும் சொல்ல முடியாது. உள்ளீடுகள் −2, −1, 1, 2, மதிப்புகள் −0.5, −1, 1, 0.5 என்று எடுத்துக்கொள்ளுங்கள். நடுவில் பெரிய ஏற்றம் இருப்பதுபோல் தோன்றும். ஆனால் இது ஒன்றை உள்ளீட்டால் வகுத்து வருவது. தன் இரு துண்டுகளில் எதிலும் ஏறாத சார்பு. பூஜ்ஜியத்தில் அது அறுந்துகிடப்பதை எந்த வரியும் சொல்லவில்லை. தொடர்ச்சியான சார்பு என்று தெரிந்தால் நிலைமை கொஞ்சம் மேம்படும்: அடுத்தடுத்த மூன்று வரிகளில் நடுமதிப்பு மற்ற இரண்டையும் விடப் பெரியது என்றால், முதல் வரிக்கும் மூன்றாம் வரிக்கும் இடையே எங்கோ ஓர் இடஞ்சார்ந்த பெருமம் கட்டாயம் உண்டு. நம் முதல் அட்டவணையில் நியாயமாக எழுதக்கூடியது இதுதான்: −2-க்கும் 0-க்கும் இடையே ஓர் உச்சம், 0-க்கும் 2-க்கும் இடையே ஒரு பள்ளம். வகையிடத்தக்க சார்பு என்றால் இன்னொரு படி மேலே போகலாம். இரு வரிகளுக்கிடையே மதிப்பு குறைந்திருந்தால், சராசரி மதிப்புத் தேற்றத்தின்படி நடுவில் ஏதோ ஓரிடத்தில் வகைக்கெழு குறை எண். இரு வரிகள் சமம் என்றால் ரோலின் தேற்றப்படி எங்கோ அது பூஜ்ஜியம். எந்த இடம் என்று இரண்டு தேற்றங்களும் சொல்வதில்லை.

'இது மூன்றாம் படிப் பல்லுறுப்புக் கோவை' என்ற ஒரு வாக்கியம் கேள்வியில் சேர்ந்தால் எல்லாம் மாறிவிடும். மதிப்புகளின் வேறுபாடுகள் 3, −3, −3, 3, 15. அவற்றின் வேறுபாடுகள் −6, 0, 6, 12. அவற்றின் வேறுபாடு எங்கும் 6. நான்கு வரிகள் போதும், கோவை முழுவதும் கையில் வந்துவிடும். திரும்பும் இடங்களைத் தசமப் புள்ளிக்குப் பின் எத்தனை இலக்கம் வேண்டுமானாலும் சொல்லலாம். சார்ல்ஸ் பாபேஜ் 1822-இல் செய்து காட்டிய வேறுபாட்டு இயந்திரத்தின் சிறு மாதிரி நின்றதும் இந்த அடிப்படையில்தான். ஓர் எண்ணின் வர்க்கத்தோடு அந்த எண்ணையும் 41-ஐயும் கூட்டினால் 41, 43, 47, 53, 61 என்று போகும் வரிசையை வெறும் கூட்டல் மூலமாகவே அது அச்சுப்பிசகாமல் நீட்டிக்கொண்டே போனது. இரண்டாம் வேறுபாடு என்றைக்கும் 2 என்று முன்கூட்டியே தெரிந்ததால் வந்த துணிச்சல் அது.

தமிழ் வாசகருக்கு இந்தக் கேள்வி கணிதப் புத்தகத்துக்கு வெளியே நன்கு பழகிய இடம் ஒன்று உண்டு: பஞ்சாங்கம். கிரகங்களின் நிலையைப் பாகை, கலை, விகலையாக நாள்வாரியாகத் தரும் அட்டவணையில், ஒரு கிரகத்தின் எண் நாளுக்கு நாள் கூடிக்கொண்டே வரும்; சில நாட்களில் தயங்கி நின்று குறையத் தொடங்கும்; பிறகு மறுபடி கூடும். குறையும் காலத்துக்கு வக்கிரம் என்று பெயர். தொடக்கத்தையும் நிவர்த்தியையும் பஞ்சாங்கக்காரர்கள் தனியே குறித்துவைப்பார்கள். சூரியனுக்கும் சந்திரனுக்கும் வக்கிரம் கிடையாது. செவ்வாய் 2024 டிசம்பர் முதல் வாரத்தில் பின்னோக்கித் திரும்பி 2025 பிப்ரவரி கடைசி வாரத்தில்தான் நேர்கதிக்கு வந்தது. பலன் சொல்வதை விட்டுவிட்டுப் பார்த்தால், சார்பு ஏறும் இறங்கும் இடைவெளிகளை அட்டவணையிலிருந்து கண்டுபிடிக்கும் வேலைதான் இது, நூற்றாண்டுகளாக நடந்துவருகிறது.

அதில் வரும் சிக்கல்கள்கூடப் பாடப்புத்தகத்தில் உள்ளவற்றைவிடச் சுவையானவை. ஒரு கிரகம் மீனத்தின் கடைசிப் பாகையிலிருந்து மேஷத்துக்குப் போகும்போது எண் 359-இலிருந்து 0-க்கு விழும். எண்ணை மட்டும் ஒப்பிடுகிற கணினி நிரல் இதை மாபெரும் இறக்கம் என்று எழுதிவிடும். உண்மையில் கிரகம் முன்னேதான் போயிருக்கிறது. வட்டத்தில் ஓடும் அளவுக்கு, நேர்கோட்டில் ஓடும் அளவின் ஒப்பீடு பொருந்தாது. அதைவிட முக்கியமானது வரிகளின் இடைவெளி. புதன் ஆண்டுக்கு மூன்று முறையாவது, ஒவ்வொரு முறையும் மூன்று வாரம்போல வக்கிரமடைகிறது. நாள்வாரி அட்டவணையில் இது பளிச்சென்று தெரியும். மூன்று மாதத்துக்கு ஒரு வரி என்று அட்டவணை போட்டால்? புதன் வானில் சூரியனிலிருந்து 28 பாகைக்கு மேல் விலகுவதே இல்லை. மூன்று மாதத்தில் சூரியன் ஏறத்தாழ 90 பாகை நகர்கிறது. தொடக்கத்தில் புதன் சூரியனுக்கு 28 பாகை முன்னே இருந்து, முடிவில் 28 பாகை பின்னே இருந்தாலும், கிரகத்தின் எண் முப்பது பாகைக்கு மேல் கூடியே இருக்கும். ஆகவே மூன்று மாத அட்டவணையில் புதன் ஒருபோதும் பின்னோக்கிப் போகாத கிரகம். எத்தனை நூற்றாண்டுக்கு நீட்டினாலும் ஒரு வக்கிரம்கூடத் தட்டுப்படாது. வரிகளின் எண்ணிக்கை கூடினால் நம்பிக்கை கூடும் என்று நினைப்பவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும். கூட வேண்டியது வரிகளின் நெருக்கம்.

ராகு கேது எப்போதும் பின்னோக்கியே போகும் என்பது எல்லோருக்கும் தெரிந்த செய்தி. அது சீராக நகர்வதாகக் கொள்ளும் சராசரிக் கணுவுக்குப் பொருந்தும். சந்திரனின் பாதை சூரிய வீதியை வெட்டும் உண்மையான புள்ளியைக் கணக்கிட்டால், அது ஊசலாடிக்கொண்டே பின்செல்கிறது. இடையிடையே சில நாட்கள் முன்னோக்கியும் நகர்கிறது. ஒரே பொருளுக்கு இரண்டு அட்டவணை. ஒன்று முழுக்க இறங்குகிறது, மற்றது ஏறி இறங்குகிறது. எது சரி என்று கேட்பதைவிட எதைக் கணக்கிட்டோம் என்று கேட்பது பயனுள்ளது.

பழைய வானியலாளர்கள் அட்டவணையைக் கண்மூடி நம்பியவர்கள் அல்லர். பாபிலோனியரின் களிமண் பலகைகளில், ஒரு மாதத்தில் சூரியன் நகரும் தொலைவு மாதவாரியாகப் பதிவாகியிருக்கிறது. பொது ஆண்டுக்கு முன் 133–132-ஐச் சேர்ந்த ஒரு பலகையில் அடுத்தடுத்த வரிகள் இப்படிப் போகின்றன: 28 பாகை 55 கலை 57 விகலை; 28 பாகை 37 கலை 57 விகலை; 28 பாகை 19 கலை 57 விகலை; 28 பாகை 19 கலை 21 விகலை; 28 பாகை 37 கலை 21 விகலை. முதலில் 18 கலை வீதம் குறைகிறது, கடைசியில் 18 கலை கூடுகிறது. நடுவில் மட்டும் வெறும் 36 விகலைக் குறைவு. மேலோட்டமாகப் பார்த்தால் இறக்கம் மெல்ல ஓய்ந்து ஏற்றமாக மாறியதுபோல் இருக்கும். உண்மையில் அவர்கள் வைத்திருந்த விதி வேறு: மதிப்பு நேர்கோட்டில் 18 கலை வீதம் இறங்கி, 28 பாகை 10 கலை 39 விகலை என்ற அடிமட்டத்தைத் தொட்டவுடன் அதே வேகத்தில் திரும்பி ஏற வேண்டும். அந்த 36 விகலைக்குள் ஒன்பது கலைக்கு மேல் இறக்கமும் எட்டு கலைக்கு மேல் ஏற்றமும் மறைந்திருக்கின்றன. அந்த அடிமட்ட எண் பலகையின் இந்த வரிகளில் எங்கும் இல்லை. இரண்டு நேர்கோடுகளையும் நீட்டி அவை சந்திக்கும் இடத்தைக் கணித்துத்தான் பிற்கால ஆய்வாளர்கள் அதை மீட்டார்கள். அட்டவணையைப் படிப்பதில் இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியவில்லை.

ஆரியபட்டர் இன்னும் சிக்கனக்காரர். 499-ஐ ஒட்டி எழுதிய நூலில் சைன் மதிப்புகளை அவர் தரவில்லை. 3 பாகை 45 கலை இடைவெளியில் அவற்றின் 24 வேறுபாடுகளை மட்டும் தருகிறார்: 225, 224, 222, 219, 215 என்று தொடங்கி 51, 37, 22, 7 என்று முடியும். மொத்தம் 3438, அவர் எடுத்துக்கொண்ட ஆரம். ஏறுகிறதா என்ற கேள்விக்கு இந்த அட்டவணையே நேரடி விடை: எல்லா எண்ணும் மிகை எண், ஆகவே ஏறுகிறது, எண்கள் தொடர்ந்து சிறுக்கின்றன, ஆகவே ஏறும் வேகம் தணிந்துகொண்டே வருகிறது. வேறுபாடுகளின் வேறுபாட்டையும் எடுத்துப் பாருங்கள்: 1, 2, 3, 4, 5, 5, 6, 8, 8, 9 என்று போய்க் கடைசியில் 15, 15. எங்கும் பின்வாங்கவில்லை. சைனின் இரண்டாம் வேறுபாடு சைனுக்கே விகிதமானது என்ற விதி இங்கே பின்னணியில் நிற்கிறது. வரிகளுக்கிடையே நம்பிக்கை தருவது அந்த விதிதான். பிற்கால உரைகாரர்களும் கேரளக் கணிதர்களும் இந்த மதிப்புகளைத் திருத்தித் துல்லியப்படுத்தினார்கள்; வடிவத்தை மாற்ற வேண்டியிருக்கவில்லை.

தென்னாட்டு வாக்கிய முறையும் இந்த மரபில் வருவதே. சந்திரனின் நிலையை 248 நாட்களுக்கு 248 வாக்கியங்களில் அடக்கி மனப்பாடமாக வைத்திருந்தார்கள். சந்திரனின் வேகம் ஒரு சுற்று ஏறி இறங்கி வரச் சுமார் 27.55 நாள், ஒன்பது சுற்றுக்குக் கிட்டத்தட்ட மிகச்சரியாக 248. சந்திரனின் நிலை எப்போதும் ஏறும் சார்பு. ஆனால் அதன் நாள் நடை சுமார் 12 பாகைக்கும் 15 பாகைக்கும் இடையே ஏறி இறங்கும். 1825-இல் சென்னையில் வெளியான 'கால சங்கலித' நூலில் ஜான் வாரன், சோழிகளைத் தரையில் பரப்பி, அட்டவணைகளை நினைவிலிருந்தே எடுத்து, கிரகணம் கணித்த ஒரு தமிழ்ப் பஞ்சாங்கக்காரரைப் பற்றிச் சொல்கிறார். அந்த ஆண்டு மே மாதக் கடைசியில் வந்த சந்திர கிரகணத்தின் தொடக்கத்தை நான்கு நிமிடப் பிசகில் சொன்னார் அவர். நடுப்பகுதியில் 23 நிமிடமும் முடிவில் 52 நிமிடமும் பிசகியது. எழுதிவைத்த தாள் ஒன்றும் இல்லாமல்.

இதுவரை பார்த்த எண்கள் விதியிலிருந்து பிறந்தவை. அளந்தோ எண்ணியோ எடுத்த எண்கள் வேறு சாதி. எட்மண்ட் ஹாலி 1693-இல் வெளியிட்ட பிரெஸ்லாவ் நகர ஆயுள் அட்டவணையை எடுத்துக்கொள்வோம். முதல் வயதில் 1000 பேர், இரண்டாம் வயதில் 855, பிறகு 798, 760, 732 என்று உயிரோடிருப்பவர் தொகை குறைகிறது. இறந்தவர் ஒருவரும் திரும்பி வரப்போவதில்லை. எனவே இந்தச் சார்பு இறங்கும் சார்பு என்பதற்கு அட்டவணையே வேண்டாம். கேள்வி அடுத்த அடுக்கில் எழுகிறது: ஆண்டுக்கு இறப்பவர் எத்தனை பேர்? 145, 57, 38, 28, 22, 18, 12, 10 என்று வேகமாகக் குறைந்து, பதின்வயதில் ஆண்டுக்கு 6 என்று நிலைத்து நிற்கிறது. 21 வயதுக்கு 592 பேர், 22-க்கு 586, 23-க்கு 579, 24-க்கு 573, 25-க்கு 567, 26-க்கு 560. இறப்புகள் 6, 7, 6, 6, 7. எழுத்துக்கு எழுத்து வாசித்தால் 22 வயதைக் கடந்தவர்களுக்கு ஆபத்து கூடி, அடுத்த ஆண்டே குறைந்து, பிறகு மறுபடி கூடியதாகச் சொல்ல வேண்டும். அப்படி யாரும் சொல்ல மாட்டார்கள். ஆறரைக்கு அருகில் இருக்கும் ஒரு வீதத்தை முழு ஆட்களாக எழுதும்போது எழும் நடுக்கம் அது. முழு எண்ணாக்கலால் ஒவ்வொரு மதிப்பிலும் அரை வரை பிசகு இருக்கலாம்; இரண்டு மதிப்புகளின் வேறுபாட்டில் ஒன்று வரை; வேறுபாடுகளின் வேறுபாட்டில் இரண்டு வரை. நாம் ஏற்ற இறக்கம் என்று வாசித்தது ஒன்று மட்டுமே.

எண்ணியெடுத்த அட்டவணைக்கு, எவ்வளவு இறங்கினால் இறக்கம் என்று கொள்வது என்பதை முதலில் தீர்மானிக்க வேண்டும். இருபதாம் நூற்றாண்டுப் புள்ளியியல் இதற்குப் பல கருவிகள் செய்து தந்தது. ஹென்றி மான் 1945-இல் முன்வைத்த சோதனை எல்லாச் சோடிகளையும் ஒப்பிட்டு, ஏறிய சோடிகள் இறங்கியவற்றைவிடத் தற்செயலால் விளக்க முடியாத அளவு அதிகமா என்று பார்க்கிறது. மழை, ஆற்றுநீர்ப் போக்குகளை ஆராய்பவர்கள் இன்றும் இதைத்தான் எடுக்கிறார்கள். சார்பு ஏறியாக வேண்டும் என்று முன்பே தெரிந்தால், இறங்கித் தோன்றும் அண்டை வரிகளைச் சேர்த்துச் சராசரியாக்கிச் சமன்செய்யும் முறையும் உண்டு. விரிதாள் மென்பொருளில் 'வழவழப்பான கோடு' என்று சொடுக்கிவிட்டு அதில் தெரியும் மேடுபள்ளங்களை உண்மை என்று நம்புவதைப் பற்றியும் ஒரு வார்த்தை: ஏறிக்கொண்டே போகும் புள்ளிகளின் வழியே இழுத்த வளைகோடு நடுவில் இறங்கிக் காட்டுவது சாதாரணம். அப்படி நேராத இடைச்செருகல் முறையை ஃபிரிட்ச், கார்ல்சன் இருவரும் 1980-இல் தந்தார்கள். அது நிரல் நூலகங்களில் இருக்கிறது, பயன்படுத்துவோர்தான் குறைவு.

ஓத அட்டவணை இந்தப் பிரச்சினையைத் தலைகீழாகத் தீர்க்கிறது. துறைமுகத்தில் நீர்மட்டத்தை மணிக்கு மணி எழுதாமல், உயர் ஓதமும் தாழ் ஓதமும் நேரும் நேரத்தையும் அளவையும் மட்டும் அச்சிடுகிறார்கள். அதாவது சார்பு திரும்பும் இடங்களே அட்டவணை. இடையில் நீர் ஏறுகிறதா வற்றுகிறதா என்று யாரும் ஊகிக்க வேண்டியதில்லை. ஆறு மணி நேரத்தில் நீர் பன்னிரண்டில் 1, 2, 3, 3, 2, 1 பங்கு வீதம் நகரும் என்ற மாலுமிகளின் கணக்கு மிச்சத்தை நிரப்பிவிடும். பிரெஞ்சுப் பள்ளிகளும் இதே ஞானத்தோடு 'மதிப்பு அட்டவணை', 'மாற்ற அட்டவணை' என்று இரண்டைத் தனித்தனியே கற்பிக்கின்றன. இரண்டாவதில் திரும்பும் புள்ளிகளும் வகைக்கெழுவின் குறியும் ஏற்ற இறக்க அம்புகளும் மட்டுமே. நம் பாடநூல்களும் இதைக் கடன் வாங்கலாம். ஆனால் ஓத அட்டவணையும் ஊரறிந்து படிக்க வேண்டியதே. இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டனில் நீர் உயர்ந்து, சற்றே தாழ்ந்து, மறுபடி உயர்ந்துவிட்டுத்தான் வற்றும். அங்கே ஆறு மணிக் கணக்கு செல்லாது.

அட்டவணையையே வைத்து உறுதியான விடை பெற வழி உண்டா? ஒரு வழி உண்டு. ஒவ்வொரு வரியிலும் மதிப்போடு வகைக்கெழுவையும் தர வேண்டும். சார்பின் சாய்வு எவ்வளவு வேகமாக மாறக்கூடும் என்பதற்கு ஓர் உச்சவரம்பும் தெரிந்திருக்க வேண்டும். ஒவ்வொரு வரியிலும் சாய்வு, அந்த வரம்பை வரிகளுக்கிடையேயான தொலைவின் பாதியால் பெருக்கி வருவதைவிட அதிகம் என்றால், நடுவில் சாய்வு பூஜ்ஜியத்துக்கு வர அவகாசமே இல்லை. சார்பு முழுக்க ஏறுகிறது. கையால் சரிபார்க்கக்கூடிய, ஐயத்துக்கு இடமில்லாத சான்று. இதற்கு ஓர் எல்லை உண்டு: திரும்பும் இடத்துக்கு அருகில் சாய்வே சிறுத்துவிடுவதால் இந்தச் சோதனை அங்கே தோற்றே தீரும். சைன் சார்பை 0 முதல் 90 பாகை வரை எடுத்தால், வரிகளை எவ்வளவு நெருக்கினாலும் 90-ஐ ஒட்டிய ஒரு துண்டு தேறாமலே நிற்கும். துண்டு சுருங்கும், மறையாது. அங்கே இரண்டாம் வகைக்கெழுவின் குறியைக் கொண்டுதான் தீர்க்க வேண்டும்.

வரம்பு எதுவும் கையில் இல்லாதபோது அட்டவணை எவ்வளவு தூரம் ஏமாற்றும் என்பதற்குப் பகா எண்களே உச்ச உதாரணம். ஓர் எண்வரை உள்ள பகா எண்களின் எண்ணிக்கைக்கு மடக்கைத் தொகையீடு என்னும் சார்பு நெருக்கமான மதிப்பு தருகிறது. சிறுவயதிலிருந்தே பகா எண் பட்டியல்களை அலசிய காஸ் இந்த நெருக்கத்தைக் கண்டவர். தொகையீடு உண்மை எண்ணிக்கையைவிட எவ்வளவு மிகுகிறது என்று அட்டவணை போட்டால், ஆயிரத்துக்கு 10, பத்தாயிரத்துக்கு 17, லட்சத்துக்கு 38, பத்து லட்சத்துக்கு 130, கோடிக்கு 339, பத்துக் கோடிக்கு 754, நூறு கோடிக்கு 1701. வரிக்கு வரி ஏறுகிறது. ஆனால் இந்த மிகுதி ஒவ்வொரு பகா எண்ணிலும் ஒன்று இறங்கும் சார்பு; இரு பகா எண்களுக்கு நடுவில்தான் ஏறும். நூறு கோடிக்குள் ஐந்து கோடிக்கு மேற்பட்ட இறக்கங்கள். அட்டவணையில் ஒன்றுகூட இல்லை. போகட்டும், ஒட்டுமொத்தப் போக்காவது ஏற்றம்தானே? அதுவும் நிலைக்காது என்று 1914-இல் கணிதர் லிட்டில்வுட் நிறுவினார்: மிகுதி எண்ணற்ற முறை குறை எண்ணாகவும் மாறுகிறது. 1913-இல் கணிதர் ஹார்டிக்கு எழுதிய கடிதங்களில் ராமானுஜன் பகா எண்களின் எண்ணிக்கைக்கு ஒரு தொடர் தந்திருந்தார். மிக நெருக்கமானது, ஆனால் அவர் நம்பிய அளவுக்குத் துல்லியமானதல்ல. பகா எண்களின் பரவலோடு பிணைந்த ஜீட்டா சார்பின் சிக்கலெண் பூஜ்ஜியங்களை அவர் கணக்கில் கொள்ளாததே காரணம் என்பது ஹார்டியின் விளக்கம்.

மிகுதி முதன்முறை குறை எண்ணாகும் இடம் 10-இன் 316-ஆம் படியை 1.398-ஆல் பெருக்கி வரும் எண்ணின் அருகிலோ அதற்கு முன்போ இருக்க வேண்டும் என்று பேஸ், ஹட்சன் இருவரும் 2000-இல் காட்டினார்கள். பகா எண்களை அவ்வளவு தூரம் எண்ணிப் பட்டியலிடுவது நடக்காத காரியம். ஜீட்டா சார்பின் லட்சக்கணக்கான பூஜ்ஜியங்களைக் கணினியில் கூட்டித்தான் அந்த இடத்தை அடையாளம் கண்டார்கள்.